மாடு வரைய வராதவர்களின் வரலாறு

1967-இல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஏன் தோற்றது என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்கள். அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு, மாணவர் கொதிப்பு, அண்ணாவின் கூட்டணிக் கணக்கு, எம்.ஜி.ஆர். கழுத்தில் போட்ட கட்டு. எல்லாம் சரிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆதாரமான காரணத்தை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மாடு வரைவது கஷ்டம்.

சிரிக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து, நுகத்தடியில் பூட்டிய இரட்டைக் காளையை வரைந்து பாருங்கள். நாலு கொம்பு, நாலு காது, ரெண்டு திமில், ரெண்டு வால், கணக்குப்படி எட்டுக் கால். மூன்றாவது கால் வரும்போதே உங்கள் லட்சணம் உங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது தாளைத் திருப்பிப் போடுங்கள். ரெண்டு மலை, நடுவில் ஒரு அரைவட்டம், சுற்றிலும் ஏழெட்டுக் கோடு. முடிந்தது. இதையே ராத்திரி பதினொரு மணிக்கு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், நசுக்கிய பனைமட்டையைத் தூரிகையாகப் பிடித்துக்கொண்டு, கூலி வாங்காமல், அடுத்தவன் வீட்டுச் சுவரில் செய்ய வேண்டும் என்றால் எதைச் செய்வீர்கள்? ஆட்சி மாறாமல் என்ன செய்யும்?

ஓவியம் தெரியாத தொண்டர்களால் ஓசியில் எதை வரைய முடிந்ததோ, அதுதான் தமிழ்நாட்டில் ஜெயித்திருக்கிறது. இந்தச் சித்தாந்தத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை முனைவர் பட்டம் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் போகிறது, ஆதாரங்களைப் பார்ப்போம்.

1937 மாகாணத் தேர்தல். பெட்டிக்குப் பெட்டி வண்ணம் வைத்து ஓட்டுப் போட்ட காலம். சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. மஞ்சள் கிழங்கு இல்லாத வீடு இந்த மாகாணத்தில் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. வரையத் தெரிய வேண்டாம், பூசத் தெரிந்தால் போதும். 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. ராஜாஜி முதல் மந்திரி. கோடு கூடப் போடாமல் ஜெயித்த சுவரோவியம் அது ஒன்றுதான்.

இவ்வளவு சுலபமான வழியைக் கையில் வைத்திருந்த கட்சி, சுதந்திரம் வந்த பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தலில் இரட்டைக் காளைக்குப் போனது. விவசாய நாடு, உழைப்பாளி மாடு, ஜோடியாக இழுத்தால் நாடு நகரும் என்று டெல்லியில் உட்கார்ந்து அழகாகத்தான் யோசித்திருக்கிறார்கள். இதை உசிலம்பட்டியிலும் ஊத்தங்கரையிலும் எவன் வரைவான் என்ற கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் மீது குறை சொல்ல முடியாது. வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு படம் என்று வைத்தார். பின்னாளில் வந்த குடை, கூடை, சீப்பு, சீப்பில்லாத வாழைப்பழம் எல்லாவற்றையும் வரைவதற்கு ஆணையத்திலேயே எம்.எஸ். சேத்தி என்று ஒருவர் இருந்தார். 1992-இல் ஓய்வு பெறும் வரை பென்சிலும் கையுமாக இருந்த மனிதர். மேசை, நாற்காலி, மின்விசிறி, அழிரப்பர், மாதச் சம்பளம். அவருக்கென்ன, ஒட்டகச் சிவிங்கியே கூட வரைவார். ஊரில் கிளைச் செயலாளர் வரைந்தால் அல்லவா தெரியும்.

1952-இல் கதிர் அரிவாளை வைத்துக்கொண்டு கம்யூனிஸ்டுகள் சென்னை மாகாணத்தில் 62 இடம் பிடித்தார்கள். ஒரு வளைவு, ஒரு பிடி, பக்கத்தில் ரெண்டு கதிர். கோட்பாட்டின்படி பார்த்தால் அவர்கள்தான் இந்நேரம் ஆண்டுகொண்டிருக்க வேண்டும். அவர்களைக் கவிழ்த்தது சின்னம் இல்லை, அதன் கீழே எழுதிய வாசகம். ஏகாதிபத்தியத்தில் ஆரம்பித்தால் நிலப்பிரபுத்துவத்துக்கு வருவதற்குள் சுவர் முடிந்துவிடும். அடுத்த வீட்டுச் சுவருக்குப் போனால் அவர் ஜனசங்கமாக இருப்பார்.

திராவிட முன்னேற்றக் கழகத்தார் 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் கட்சி ஆரம்பித்தவர்கள். மழை பெய்தால் சுவரெழுத்து என்ன ஆகும் என்பதை முதல் நாளே பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1952 தேர்தலில் அவர்கள் நிற்கவில்லை. அந்த வருஷம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி பெரியார், ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் இருந்த இந்தி எழுத்தைத் தார் பூசி அழிக்கச் சொன்னார். அண்ணாவோடு பெரியாருக்கு ஆயிரம் மனத்தாங்கல் இருக்கலாம், தார் டப்பாவில் பேதம் இல்லை. கழகத்தாரும் தூரிகை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே கிடைத்த இலவச ஓவியப் பயிற்சி அது. முதல் பாடமே அழிப்பது. ரோடு போட அரசாங்கம் ஓரமாக உருட்டி வைத்திருந்த பீப்பாயிலிருந்து ஒரு டப்பா மொண்டுகொண்டால் மூலப்பொருள் செலவும் இல்லை. காங்கிரஸ் அரசு தன்னை எதிர்த்த கலைக்கு அளித்த மானியம் என்று இதைக் குறிப்பதே நியாயம்.

1957-இல் முதல் தடவை தேர்தலில் இறங்கினார்கள். 1958-இல் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் கிடைத்து உதயசூரியன் நிரந்தரமானது. அன்று இரவே தமிழ்நாட்டின் தையல் கடைகளிலும் சலூன்களிலும் சைக்கிள் கடைகளிலும் பெருமூச்சு கேட்டிருக்கும். அப்பாடா, கால் இல்லாத சின்னம்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல சுவர் எல்லாம் காங்கிரஸ்காரர்களிடம்தான் இருந்தது. காரை வீடு, ஓட்டு வீடு, மதில் வைத்த வீடு என்று ஊரில் நாலு இருந்தால் மூன்று கதர் கட்டியவர் வீடு. கழகத்துத் தம்பி குடியிருந்ததோ மண் சுவர். அதில் சுண்ணாம்பு ஏறாது, ஏறினாலும் ஐப்பசி மழைக்கு நிற்காது. ஆகவே கொள்கை தம்பியிடம், திரைச்சீலை மிராசுதாரிடம். இந்த முரண்பாட்டைத் தீர்க்கக் கழகம் கண்ட இடங்கள்தான் மோட்டார் ரூம், கிணற்றுக் கைப்பிடிச் சுவர், வாய்க்கால் மதகு, பாலத்துத் தூண், சுடுகாட்டுக் கொட்டகை. அண்ணாவின் ஆட்சியை முதலில் கண்டது மதகடித் தவளைகள்.

மிச்சத்துக்குப் பேரம். அதன் சூத்திரம் எளிமையானது. வாடகை கிடையாது, ஆனால் வெள்ளை அடித்துத் தருவோம். சின்னம் வரையும் முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத்தானே ஆக வேண்டும்? அதையே சலுகையாக விற்றார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் செலவு மிச்சம் என்று வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தெருப்பக்கச் சுவர் மட்டும் வெளுப்பாவதுதான் பல வீடுகள் ஜனநாயகத்தால் கண்ட பலன்.

இனி ராத்திரி வேலை. கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே பானையில் ஊற வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் சலவை நீலம், பளிச்சென்று தெரிவதற்கு. சுவரில் ஒட்டுவதற்கு வச்சிரம் காய்ச்சிக் கலக்க வேண்டும். அந்த நாற்றத்தை அறிந்தவர்கள் அதற்குப் பிறகு எந்தக் கூட்டணியையும் சகித்துக்கொள்வார்கள். சிவப்புக்குக் காவி. கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. கொடியே கறுப்பும் சிவப்பும்தான் என்பதால் மூன்றாவது வண்ணத்துக்குச் செலவில்லை. வெள்ளையடிக்கத் தாழை விழுதை நசுக்கிய மட்டை, எழுத்துக்குப் பனைமட்டை நார், மெல்லிய கோட்டுக்கு யாராவது வீட்டுச் சவரப் பிரஷ். அந்த வீட்டுக்காரர் மறுநாள் சவரம் செய்துகொள்ளும்போதுதான் கட்சி வளர்வது அவருக்குத் தெரியவரும்.

கோஷ்டியில் நாலு பேர். ஏணி பிடிப்பவர். சுண்ணாம்பு கலக்குபவர். எழுதுபவர், இவர் பெரும்பாலும் தையல்காரர், ஏனென்றால் சாக்பீஸில் நேர்க்கோடு போடத் தெரிந்த ஒரே ஆள். நாலாமவர் கிளைச் செயலாளர், அவர் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று “கொஞ்சம் லெஃப்ட்ல தூக்குப்பா” என்பார். முதலில் நூல் அடிக்க வேண்டும். நீலத்தில் நனைத்த நூலை ரெண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால், சுவரில் நூல் பிடித்தாற்போல் கோடு விழும். நூல் கேட்டு வந்ததைத் தையல்காரர் கட்சி நிதியில் எழுதமாட்டார். வட்டத்துக்குத் தாம்பாளம். ஆணி அடித்துக் கயிறு கட்டி வட்டம் போடலாம்தான், ஆணி அடித்தால் வீட்டுக்காரர் விழித்துக்கொள்வார். தாம்பாளத்தை வைத்து மேல்பாதியை மட்டும் கரியால் வளைத்து எடுத்தால் சூரியன். அது யார் வீட்டுத் தாம்பாளம் என்பது மறுநாள் காலையில், சீர்வரிசைப் பாத்திரத்தின் விளிம்பில் கரியைப் பார்த்துவிட்டு ஒரு பெண்மணி போடுகிற சத்தத்தில் தெரியும். கதிர்கள் எத்தனை என்று தலைமைக் கழகத்துக்கு ஒரு கணக்கு இருந்திருக்கலாம். ஊருக்கு ஊர் ஐந்திலிருந்து பத்தொன்பது வரை உதித்தது.

எழுத்துதான் சோதனை. உற்சாகம் எல்லாம் முதல் சொல்லில் இருக்கும். “உங்கள் ஓட்டு” என்பதை ஆளுயரத்துக்கு எழுதிவிடுவார்கள். “உதயசூரிய” வரும்போது சுவர் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். “னுக்கே” என்பது ஜன்னலைத் தாண்ட முடியாமல் மேலே ஏறி, ஓட்டுச் சரிவில் இடித்து, “கே” மட்டும் தனியாக வாசல் நிலையில் வந்து உட்காரும். அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் எல்லாம் குனிந்து ஏகாரத்துக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் போக வேண்டும். தமிழுக்காக உயிரையே கொடுக்கச் சித்தமாக இருந்தவர்கள்தான். ஒற்றெழுத்துக்கு மட்டும் உத்தரவாதம் தரவில்லை.

நாய் குரைத்துத் திண்ணையில் படுத்திருக்கும் கதர்ச்சட்டைக்காரர் விழித்துக்கொண்டால்? அடிதடி வரும் என்று நினைப்பீர்கள். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு.

“யார்றா அது?”

“நாங்கதான் மாமா.”

“நீங்கதானா. வரையறதுதான் வரையறீங்க, திண்ணைக்கு உள்பக்கமும் ஒரு கை வெள்ளை அடிச்சிட்டுப் போங்கடா. உங்க அத்தை ஒரு வருஷமா சொல்லிட்டு இருக்கா.”

அடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அந்த ஓட்டு விழுந்ததா என்பது வேறு விஷயம்.

எதிர்முகாமில் நிலைமை பரிதாபம். காங்கிரசுக்குக் காசு இருந்தது, அதனால் டவுனிலிருந்து பெயிண்டரை வரவழைத்தார்கள். அவர் ஒரு நாளைக்கு ஒரு ஜோடி மாடு. நல்ல மாடுதான், கண்ணில் கருணை எல்லாம் இருக்கும். அந்த நேரத்தில் தம்பிகள் பதினைந்து சூரியனை உதிக்க வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். பெயிண்டர் கூலி கட்டுப்படியாகாத ஊரில் காங்கிரஸ் இளைஞர்களே முயற்சி செய்தார்கள். அதன் விளைவை இரண்டு ஆடு என்றார்கள் சிலர், முயல் என்றார்கள் சிலர். நுகத்தடியை வைத்துத்தான் மாடு என்று முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

காசு விஷயத்தையும் பார்த்துவிடலாம். 1967 தேர்தலுக்குக் கழகம் 10 லட்சம் ரூபாய் திரட்டுவது என்று முடிவு செய்தது. கருணாநிதி 11 லட்சமாகக் கொண்டுவந்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலை வாசித்த அண்ணா, சைதாப்பேட்டை வந்ததும் கருணாநிதியின் பெயரைச் சொல்லாமல் 11 லட்சம் என்று சொன்னார். கழகம் நின்றது 174 தொகுதிகளில். வகுத்துப் பாருங்கள், தொகுதிக்கு 6,300 ரூபாய்ச் சொச்சம். அதில் ஜீப்பு, பெட்ரோல், மேடை, மைக் செட், துண்டறிக்கை எல்லாம் போக ஒரு கிராமத்துச் சுவருக்கு என்ன மிஞ்சும்? ஒரு டீயும் ஒரு பன்னும். அதுவும் கணக்கில்.

வாசகத்தையும் சுவருக்குத் தகுந்தபடி சுருக்கிக்கொண்டார்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி. குறளை விடச் சின்னது, ஏணியை நகர்த்தாமலே எழுதிவிடலாம். முதலமைச்சர் பக்தவத்சலத்தை அண்ணாச்சி என்று உறவு கொண்டாடி அரிசி விலையை விசாரித்த எதுகையும் அப்படித்தான். அந்தப் பக்கம் அணைக்கட்டு, தொழிற்பேட்டை, பள்ளிக்கூடம், மதிய உணவு என்று செய்தது நிறைய இருந்தது. அத்தனையையும் எழுதுவதற்கு அணைக்கட்டுச் சுவர்தான் வேண்டும். ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். கழுத்தில் கட்டோடு கட்டிலில் இருந்த படம் சுவரொட்டியாக வந்தது. அன்றிலிருந்து தையல்காரர்களுக்குப் பாதி வேலை குறைந்தது, மைதாப் பசை காய்ச்சினால் போதும் என்றாயிற்று. கழகத்துக்கு 137 இடம். விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அந்த ஊர்ச் சுவர்களில் எத்தனை மாடு முழுசாக எட்டுக் காலோடு நின்றது என்று அன்றைக்கு யாராவது எண்ணியிருக்க வேண்டும்.

பாடம் கற்றார்களா? 1969-இல் காங்கிரஸ் உடைந்தது. இந்திரா பக்கம் பசுவும் கன்றும் போனது. அதாவது கொம்பு ரெண்டு குறைந்தது, கால் எண்ணிக்கை அதேதான். காமராஜர் இருந்த பக்கத்துக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? ராட்டை சுற்றும் பெண். ஒரு பெண், அவள் சேலை மடிப்பு, அவள் விரல், எதிரே ஆரக்கால் வைத்த ராட்டைச் சக்கரம், நடுவில் ஒரு நூல். இதை வரைய ரவிவர்மா வர வேண்டும், அவரும் 1906-லேயே போய்விட்டார். 1971-இல் கழகத்துக்கு 184 இடம்.

சின்னத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் முகங்கள் கோபித்துக்கொள்ளும். சுவரில் முகம் வரைகிறவனுக்கு எமன் கண். மூக்கு கோணினால் மன்னிப்பு உண்டு, கண் கோணினால் கட்சியே கோணிவிடும். பெரியாருக்குத் தாடி இருந்தது, எந்தத் தவறையும் தாடிக்குள் தள்ளிவிடலாம். அண்ணாதான் கைக்கு அடங்காதவர். பொடி மட்டை, கரகரத் தாடி, ஏறு நெற்றி என்று அடையாளம் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் சரியாகப் போட்ட பிறகு சுவரில் நிற்பவர் ஊர் கணக்குப்பிள்ளையாக இருப்பார். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டு அந்த அண்ணாவைக் கொடியிலேயே ஏற்றினார். அதோடு தமிழ்நாடு முழுக்க, ஒருவருக்கொருவர் எந்த ஒற்றுமையும் இல்லாத பல ஆயிரம் அண்ணாக்கள் விரல் நீட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார்கள்.

ஆனால் தன்னுடைய சொந்த முகத்தில் எம்.ஜி.ஆர். தொண்டனுக்குச் செய்த உபகாரம் இருக்கிறதே, அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி. கண்ணே தேவையில்லை! தலைமுடிகூட வேண்டாம். தொப்பி, கண்ணாடி, கீழே ஒரு சிரிப்பு, எட்டு வயசுப் பையன் வரைந்தாலும் புரட்சித் தலைவர்தான். எதிர்ப்பக்கம் கருணாநிதிக்கும் கறுப்புக் கண்ணாடி. பிறகு மஞ்சள் துண்டு வேறு. இந்த மாநிலத்தை ஏறக்குறைய இருபது வருஷம் மாற்றி மாற்றி இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் ஆண்டதைச் சித்தாந்தப் போர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி போடாத ஜெயலலிதா முதலமைச்சரானதும் கட்-அவுட் வானத்துக்கு வளர்ந்ததைக் கவனித்தீர்களா? வரைய ஆள் கிடைக்கவில்லை என்றால் உயரத்தைக் கூட்ட வேண்டியதுதான். அறுபதடிக்கு மேலே கண் சரியாக இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

1973 மே மாதத் திண்டுக்கல் இடைத்தேர்தல்தான் இந்தக் கோட்பாட்டின் உச்சம். எம்.ஜி.ஆரின் புதுக் கட்சி, ஏழு மாதக் குழந்தை. வேட்பாளர் மாயத்தேவர், இருந்த சின்னங்களில் இரட்டை இலையை எடுத்தார். இலை! ஒரு காம்பு, ரெண்டு வளைவு, முடிந்தது. தாம்பாளம்கூட வேண்டாம். இடிந்த சுவரில், மரத்தில், வண்டிச் சக்கரத்தில், எருமை முதுகில்கூட வரையலாம். முடிவு என்ன? இலை முதலிடம், காமராஜர் காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளுங்கட்சியான சூரியன் மூன்றாமிடம். சூரியனையும் விடச் சுலபமான ஒன்று வந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. பிறகு தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையிலே பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். விரும்பினார். சுவருக்கு வாடகை, சுண்ணாம்புக்குக் காசு, மழை பெய்தால் மறுபடி அடிப்பது என்ற மூன்று செலவையும் ஒரே ஊசியில் முடித்த திட்டம். கட்சி மாறினால் அழிக்க முடியாது என்பதுதான் அதில் ஒரே சிக்கல். சிலர் அதற்குப் பிறகு முழுக்கைச் சட்டைக்கு மாறினார்கள்.

1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்ததும் கட்சி உடைந்து இலை முடங்கியது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இங்கே கோட்பாடு நுட்பமாக வேலை செய்கிறது. ரெண்டுமே பறவை, ரெண்டுமே கஷ்டம். ஆனால் சேவலுக்குக் கொண்டை இருக்கிறது. என்ன வரைந்தாலும் மேலே சிவப்பாக மூன்று மேடு வைத்துவிட்டால் சேவல். புறாவுக்கு அப்படி ஒரு பிடி கிடையாது. ஒரு புறா சறுக்கினால் காக்கை, ரெண்டு புறாவும் சறுக்கினால் வாத்து ஜோடி. சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. சூரியன் 150 எடுத்து சாவகாசமாக உதித்தது. கொஞ்ச காலத்துக்குப் பிறகு தேர்தல் ஆணையம் யானை, சிங்கம் தவிர மற்ற விலங்கு பறவைகளைப் புதிதாகச் சின்னமாகக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஊர்வலத்தில் உயிருள்ள பிராணிகளைத் தூக்கிக்கொண்டு போய் வதைக்கிறார்கள் என்பது காரணம். சுவரில் அவை பட்ட பாட்டையும் யாரோ அதிகாரியிடம் காட்டியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1996. மூப்பனார் தமிழ் மாநிலக் காங்கிரஸ் ஆரம்பித்தார், சின்னம் சைக்கிள். ரெண்டு சக்கரம், ஆரம், செயின், பெடல், ஹேண்டில்பார், கேரியர். மாட்டைவிட மோசம். 39 இடம் வந்தது. கோட்பாடு பஞ்சர். ஆனால் சைக்கிளை யாரும் வரையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘அண்ணாமலை’ படத்தில் ரஜினிகாந்த் சைக்கிளோடு நிற்கும் படம் ஏற்கனவே அச்சில் தயாராக இருந்தது. ஒட்டினார்கள், வேலை முடிந்தது. தூரிகை தோற்று, பசை ஜெயித்த தேர்தல் அது.

அதற்குள் தலைமைத் தேர்தல் ஆணையராக டி.என். சேஷன் வந்து சுவர் வைத்திருந்த எல்லோரையும் மிரட்டியிருந்தார். சுவரைக் கெடுக்கக் கூடாது என்ற சட்டம் 1959-லிருந்தே சென்னையில் இருக்கிறது, அந்தச் சட்டம் பற்றிய அறிவிப்பின் மேலேயே சின்னம் வரைந்திருந்தார்கள். சேஷன் காலத்தில்தான் அதை யாரோ சுரண்டிப் படித்தார்கள். வீட்டுக்காரர் அனுமதிக் கடிதம், செலவுக் கணக்கு, சதுர அடி என்று பேச்சு வந்தது. தாம்பாளத்துக்கு ரசீது எங்கே என்று கேட்டால் தையல்காரர் எங்கே போவார்? ஆனாலும் மனிதர்கள் விடவில்லை. வரைவதற்குப் பதில் முன்பதிவு செய்தார்கள். இந்தச் சுவர் இன்ன கட்சிக்கு, இந்த வருஷம் முதல் அந்த வருஷம் வரை, ஆல் சைடு ரிசர்வ்டு. சில ஊர்களில் ரிசர்வ் செய்த எழுத்து மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. அதற்கு மேல் எதையும் வரைய யாரும் வரவில்லை.

பிறகு ஃப்ளெக்ஸ். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினால் காலை ஐந்து மணிக்குப் பதினைந்தடிக்கு வந்து நிற்கிறது. தலைவர் கழுத்துவரை, மகன் இடுப்புவரை, ஒன்றியம் முழு ஆள். கீழே வரிசையாகத் தபால்தலை அளவில் இருபது முகங்கள், அதில் பதினேழாவது நம் சுண்ணாம்பு கலக்கியவரின் பேரன். கண் எல்லோருக்கும் சரியாக இருக்கிறது. அச்சு என்று வந்த பிறகு சின்னம் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். 2017-இல் இலை மறுபடி முடங்கியபோது ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் ஒரு அணிக்குத் தொப்பி, இன்னொரு அணிக்கு இரட்டை மின்கம்பம் கிடைத்தது. மின்கம்பம் என்றால் மூன்று கோடு! மாயத்தேவர் காலமாக இருந்திருந்தால் டெபாசிட்டே தேவைப்பட்டிருக்காது. பணப் பட்டுவாடாப் புகாரில் தேர்தலே ரத்தானது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது பிரஷர் குக்கர் ஜெயித்தது. குக்கரைச் சுவரில் வரைந்து பார்த்த ஒருவர்கூட இல்லை, தெருவில் வைத்துக் காட்டினார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு டீக்கடையில் ஒருத்தர் நிச்சயம் மடக்குவார். “அப்ப கை சின்னம்? அதை வரையக்கூட வேண்டாமே, அண்ணே.”

நியாயமான கேள்வி. 1978-இல் இந்திரா காங்கிரசுக்குக் கை கிடைத்தது. உலகத் தேர்தல் வரலாற்றில் இவ்வளவு மலிவான சின்னம் கிடையாது. உள்ளங்கையைக் காவியில் தோய்த்துச் சுவரில் ஓங்கி ஒரு அறை. ஏணி வேண்டாம், நூல் வேண்டாம், தாம்பாளம் வேண்டாம், அரிக்கேன் விளக்குகூட வேண்டாம், அமாவாசை இருட்டிலும் ஒரு ராத்திரிக்குள் ஒன்றியத்தையே முடித்துவிடலாம். கோட்பாட்டின்படி அன்றிலிருந்து கோட்டையில் அவர்கள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். 1967-க்குப் பிறகு ஒரு நாளும் உட்காரவில்லையே, ஏன்?

விசாரித்துப் பார்த்ததில், எல்லாம் தயாராகத்தான் இருந்திருக்கிறது. சுவர் இருந்தது, காவி கரைத்த வாளி இருந்தது. யார் கையைப் பதிப்பது என்பதில் மட்டும் கோஷ்டிகளுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லையாம்.